மூலையில் வைத்த மஞ்சள்

நேர் வெயிலில் பட்டுப்புடவையின் சரிகை வெள்ளையாகப் பொங்கிவிடும். கரை என்று ஒன்று இருந்ததே படத்தில் தெரியாது. அதனால் ஸ்ரீரங்கத்தில் என் அக்கா குடியிருக்கும் மாடி வீட்டில், வடக்கு ஜன்னல் ஓரமாக, காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் எல்லாப் படங்களையும் எடுத்து முடித்துவிடுவேன். அதற்கு மேல் எதிர்வீட்டு மஞ்சள் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அறைக்குள் நுழையும். கத்தரிப்பூ நிறம் செங்கல் நிறமாகிவிடும். வாங்கியவர் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, "நீங்க போட்ட கலர் வேற, வந்த கலர் வேற" என்று செய்தி அனுப்புவார். அக்கா அதை என் எதிரில் நின்று இரண்டு முறை படித்துக் காட்டுவாள்.

ஒரு நாளிதழின் திருச்சிப் பதிப்பில் இருபத்தாறு வருடம் புகைப்படக்காரனாக இருந்தேன். பதிப்பைச் சுருக்கியபோது முதலில் எங்களைத்தான் சுருக்கினார்கள். நிருபர்கள் கையில் இருக்கும் செல்போனே போதும் என்றார்கள். அது ஓரளவு உண்மைதான். அக்கா அப்போது பழைய துணிகளை வாங்கி இணையத்தில் விற்க ஆரம்பித்திருந்தாள். அவளுடைய முதல் படங்களில் பூப்போட்ட பாய் மேல் புடவை கிடக்கும். மூலையில் அவளுடைய கால் கட்டைவிரலும் தெரியும்.

"செத்தவனையும் மந்திரியையும் எடுத்துட்டு இருந்தே. இனிமே இதை எடு. புடவை கண்ணை மூடாது, கொட்டாவி விடாது" என்றாள்.

எடுத்தேன். அவளுக்குச் சில விதிகளும் வைத்தேன். கீழே வெள்ளை விரிப்பு மட்டும்தான். பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து மேலே போட்டு இஸ்திரி போட வேண்டும். நேராகப் போட்டால் பட்டு பளபளத்துக் காட்டிக் கொடுத்துவிடும். முதல் படம் முழுப் புடவை. பிறகு முந்தானை, பிறகு கரை. நிறம் சரியாக விழ, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து அளவு பார்த்துவிட்டு அதை எடுத்துவிட வேண்டும். சட்டைகளுக்குத் தோள்பட்டையில் காகிதம் திணித்தால் ஆள் போட்டிருப்பது போல எடுப்பாக நிற்கும். அதற்கு நான் வேலை பார்த்த நாளிதழின் பழைய பிரதிகளையே கசக்கித் திணித்தேன். கடைசிப் படம் குறை. கிழிசல், கறை, இழை விட்ட இடம், எதுவானாலும் கிட்டப்போய் எடுத்துக் காட்ட வேண்டும். குறையைக் கடைசியாகக் காட்டலாம், ஆனால் காட்டாமல் இருக்கக் கூடாது என்பது என் விதி. அக்கா சிரித்தாள். ஆனால் குறையைக் காட்டிய பிறகு விற்பனை கூடியது. அதிலிருந்து அதை அவளே கண்டுபிடித்தது போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள்.

விற்க வருபவர்கள் பின்பக்க மாடிப்படியில்தான் வருவார்கள். பட்டுப்புடவை மேல் கீரைக்கட்டை வைத்து மறைத்துக்கொண்டு வந்த ஓர் அம்மாவைப் பார்த்திருக்கிறேன். முன்வாசல் கோயிலுக்குப் போகிற தெருவில் இருந்தது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். வந்தவர்களை அக்கா லேசில் விடமாட்டாள். ரவிக்கையை விரல்களால் அளந்து பார்த்து, "இது உங்களுதுதானா? அடேயப்பா, ஒரு காலத்துல நல்லாத்தான் இருந்திருக்கீங்க" என்பாள். வந்தவர் சிரிப்பார். எழுந்து போய்விட முடியாது. புடவை அக்காவின் மடியில் இருக்கும்.

இன்னோர் அம்மா வந்தது ஆடி முடிந்த நேரம். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சு வேலை. கடை அட்டையோடு, லேபிள் கிழிக்காத ஒன்பது புடவைகளை மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"எல்லாமே புதுசுதாங்க. ஒரு தடவைகூட கட்டல."

அக்கா லேபிள்களைத் திருப்பிப் பார்த்தாள். "கட்டாத புடவை ஒன்பதா? கடை கிடை வெச்சிருந்தீங்களா?"

"கோடிங்க" என்றார் அந்த அம்மா.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், கருமாதி நாளில் அவர் மனைவிக்குப் பிறந்த வீட்டிலிருந்தும் மற்ற உறவுகளிலிருந்தும் புதுப்புடவை கொண்டுவந்து தோளில் போர்த்துவார்கள். அதற்குப் பெயர் கோடி. அண்ணன் ஒன்று, தம்பி ஒன்று, சித்தப்பா வீட்டில் ஒன்று என்று அடுக்கடுக்காக வந்து விழும். ஒவ்வொன்றும் தோளில் சில நொடிகள்தான் இருக்கும். அடுத்தது வந்ததும் முந்தையதை எடுத்து ஓரமாகப் போடுவார்கள். அப்புறம் அந்தத் துணிகள் பீரோவின் அடித்தட்டுக்குப் போகும். கட்டவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. நல்ல காரியத்துக்கு எவரும் தொடமாட்டார்கள்.

இவர் கணவர் இறந்து ஒரு வருடம் முடிந்து, முதல் திதியும் ஆகியிருந்தது.

"பீரோவைத் திறக்கும்போதெல்லாம் முகத்துல அறையுதுங்க. எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது. துணி துணிதான். ஆனா வாங்குறவங்களுக்குத் தெரியணும். கோடின்னு எழுதியே போட்டுடுங்க. எவளாவது விவரம் தெரியாம கல்யாணத்துக்குக் கட்டிட்டு, அப்புறம் என்னைச் சபிக்கக் கூடாது. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. வரன் பார்த்துட்டு இருக்கோம்."

"எழுதிடலாம், அதுக்கென்ன" என்றாள் அக்கா.

ஒன்பதில் எட்டு சாதாரணம். ஒன்று மட்டும் நல்ல பட்டு. கரும்பச்சை உடல், அரக்குக் கரை, கரையில் சின்னச் சின்ன மாங்காய். துறையூரில் அரிசி வியாபாரம் செய்யும் அவருடைய அண்ணன் எடுத்தது. "தங்கச்சிக்கு இன்னும் வயசிருக்கு, கலரா ஏதாவது குடுங்கன்னு கடையில சொல்லி வாங்கினாராம்" என்றார். மலைக்கோட்டைக் கடைவீதியில் கோடி எடுக்க வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்று நான்கு ஆண்கள் வருவார்கள். புடவையைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள், பேரம் பேச மாட்டார்கள், சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். கடைக்காரருக்கும் புரிந்துவிடும். நல்ல நாளில் நூறு புடவையைப் பிரித்துப் போடுகிறவர், மேலே கிடப்பதை எடுத்துச் சுற்றிக் கொடுப்பார்.

மறுநாள் காலை அந்தப் பச்சையை ஏழு படங்கள் எடுத்தேன். கரும்பச்சை எளிதில் வசப்படாது. கொஞ்சம் வெளிச்சம் குறைந்தாலும் கறுப்பாகிவிடும். ஜன்னலுக்குச் சரியாக இரண்டடி தள்ளி, மடிப்புகளை விசிறி போல் விட்டு எடுத்ததில் மாங்காய்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. இந்த வேலைக்கு வந்த பிறகு நான் எடுத்த நல்ல படங்களில் அது ஒன்று. படத்தின் கீழே, அந்த அம்மா கேட்டபடி, கோடிப் புடவை, உடுத்தாதது என்று எழுதினேன்.

மூன்று வாரம் ஒருவரும் சீந்தவில்லை. வந்த ஒரே செய்தி இது: "கோடியெல்லாம் விக்கிறீங்களே, உங்க வீடு விளங்குமா?"

அக்கா பதிவுகளை எடுத்துவிட்டாள். கோடி என்ற சொல்லை நீக்கிவிட்டு மறுபடி போட்டாள். உடுத்தாதது, கடை மடிப்புக் கலையாதது. உடனே கேள்விகள் வந்தன. பச்சைப் புடவைக்கு மட்டும் ஐந்து பேர். அதில் ஒருவர் கேட்டது: "நல்ல காரியத்துக்கு வேணும். மஞ்சள் வெச்சதா? மூலை போட்டோ போடுங்க."

விவரம் தெரிந்தவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். கல்யாணத்துக்கோ வளைகாப்புக்கோ வாங்கிய புதுப்புடவை என்றால் மூலையில் மஞ்சள் தடவியிருக்கும். கோடிக்கு மஞ்சள் தடவ மாட்டார்கள். புதுப்புடவை எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை அந்த மூலைதான் சொல்லும்.

அக்கா சமையலறைக்குப் போய்க் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள். வலது கட்டைவிரலை அதில் தோய்த்துப் புடவையின் மூலையில் அழுத்தினாள். சின்ன வயதில் அரிவாள்மணையில் பிளந்த விரல் அது. குறுக்கே ஒரு பழைய தழும்பு உண்டு. மஞ்சள் வட்டத்தின் நடுவே மெல்லிய கீற்று ஒன்று பச்சையாகவே நின்றது.

"எடு."

"இதை எடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"வைக்காத மஞ்சளை வெச்சு எடுக்கிறது சரியில்லைக்கா. அந்தம்மா எழுதிப் போடச் சொன்னாங்க."

"அந்தம்மா சொன்னதைப் போட்டு மூணு வாரம் என்ன ஆச்சு? வீடு விளங்குமான்னு கேட்டாங்க." கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீ செருப்பை நகத்தினவன்தானேடா."

பல வருடங்களுக்கு முன் மருங்காபுரிப் பக்கம் ஒரு வேன் கவிழ்ந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது உடல்களை எடுத்துவிட்டிருந்தார்கள். சாலை ஓரப் புல்லில் ஒரு குழந்தையின் செருப்பு கிடந்தது. அதைக் கண்ணாடித் தூள் சிதறிய இடத்துக்கு, ஒரு மூன்றடி, காலால் தள்ளிவிட்டு எடுத்தேன். படம் முதல் பக்கத்தில் வந்தது. இதை நான் வாழ்க்கையில் ஒருவரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

ஈர மஞ்சள் வெளிச்சத்தில் மினுங்கும், இப்போதுதான் வைத்தது என்று தெரிந்துவிடும். அதனால் பத்து நிமிடம் காயவிட்டு எடுத்தேன்.

மஞ்சள் மூலைப் படத்தை அக்கா எங்கள் விற்பனைப் பக்கத்திலும் போட்டாள், வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள். அன்று மத்தியானமே புடவை போய்விட்டது. கேட்டவர் தில்லைநகரில் இருக்கும் ஒரு பழைய வாடிக்கையாளர். "பையனுக்குப் பொண்ணு பாக்குறாங்களாம். அமையறப்ப அமையட்டும், புடவை முதல்ல ரெடியா இருக்கட்டும்னு வாங்கி அடுக்குறா. கடையில எடுத்த மாதிரிதான் அங்க சொல்லுவா" என்றாள் அக்கா. மற்ற எட்டும் அடுத்த இரண்டு வாரத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு போயின.

பணம் வாங்க வந்தபோது அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. எழுதிப் போட்டீர்களா, வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள், ஒன்றும் இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. படியிறங்கும்போது மட்டும் திரும்பி, "பொண்ணுக்கு ஒரு இடம் வந்திருக்கு சார். அமைஞ்சா நிச்சயத்துக்கு நீங்கதான் வந்து எடுக்கணும்" என்றார்.

தை பிறந்து அமைந்தது. உறையூரில் ஒரு சின்ன ஹால். இரு பக்கமும் சேர்த்து அறுபது பேர் இருப்பார்கள். அந்த அம்மா சாம்பல் நிறத்தில் ஒரு பருத்திப் புடவை கட்டி, சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அதற்கு இப்பால் வரவில்லை. வரச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை. பெண் தரப்பில் தட்டு வாங்க அண்ணனும் அவர் மனைவியும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். துறையூர் அண்ணன்தான்.

பிள்ளையின் தாயை அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். வாங்குபவர்கள் எங்களுக்கு முகவரிகள் மட்டுமே. அவர் புடவைத் தட்டை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். கரும்பச்சை, அரக்குக் கரை. ஒரே மாதிரி ஆயிரம் புடவைகள் நெய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் மடிப்பை விலக்கி மூலையை வெளியே எடுத்தார்.

"மஞ்சள் வெச்சுதான் கொண்டு வந்திருக்கோம். நாங்க முறை தப்ப மாட்டோம்ங்க. சார், இதைக் கிட்டப்போய் ஒண்ணு எடுங்க."

கிட்டப் போனேன். மஞ்சள் வட்டத்தின் நடுவே மெல்லிய கீற்று. எடுத்தேன்.

அண்ணன் தட்டை வாங்கினார். ஒன்றரை வருடத்துக்கு முன் தன் பணத்தில் எடுத்து, தன் கையால் தங்கையின் தோளில் போட்ட புடவையைப் பிடித்துக்கொண்டு என் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குத் தெரியவில்லை. அன்று கடையில் அவர் அதைப் பிரித்துப் பார்த்து எடுக்கவில்லை. அவர் மனைவி பெண்ணை அழைத்துக்கொண்டு, புடவை கட்டிவிட உள் அறைக்குப் போனார். பெண்ணின் தாய் தட்டைத் தொட்டிருந்தால், அல்லது அந்த அறைக்குள் போயிருந்தால், அங்கேயே முடிந்திருக்கும். கணவன் இல்லாதவர் இரண்டையும் செய்யக் கூடாது.

பட்டுப்புடவை கட்டப் பதினைந்து நிமிடமாகும். நான் நின்ற இடத்திலிருந்து சமையல்கட்டு வாசல் இருபது எட்டு வைக்கும் தூரம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் லென்ஸை மாற்றினேன்.

பெண் வெளியே வந்தாள். அழகாக இருந்தாள். நான்கு படம் எடுத்தேன். எல்லோரும் ஒரு பக்கம் பார்க்கும்போது எதிர்ப்பக்கம் திரும்பு என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். திரும்பினேன். அந்த அம்மாவின் கண் முதலில் மகளின் முகத்தில் இருந்தது. பிறகு கரைக்கு இறங்கியது. பிறகு கூட்டத்தில் எதையோ தேடி என்னிடம் வந்து நின்றது. அதையும் எடுத்தேன்.

அவர் பக்கத்து மேசையிலிருந்து ஒரு டம்ளர் காப்பியை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"ஏங்க, எங்க வரீங்க?" என்றது ஒரு குரல்.

"யாருக்குங்க காப்பி? பையன்கிட்ட குடுத்து அனுப்புங்களேன்."

"அண்ணி, அங்கயே இருங்க அண்ணி."

அவர் நிற்கவில்லை. மகளுக்கு எதிரே போய் நின்றார். காப்பி கொசுவத்தில் மேலிருந்து கீழாக இறங்கியது.

முதலில் பேசியவர் பிள்ளையின் தாய். கத்தவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகப் பேசினார்.

"இதுக்குத்தாங்க உள்ளயே இருங்கன்னு சொல்றது. நல்ல காரியத்துல முன்னாடி வந்து நிக்கலாமா? உங்களுக்குத் தெரியாட்டியும் கூட இருக்கறவங்க சொல்ல மாட்டாங்களா?"

அண்ணன் எழுந்தார். "உனக்கு அறிவிருக்கா? அறுபது பேர் இருக்காங்க, நீதான் காப்பி கொண்டாரணுமா? இன்னும் எதைக் கெடுக்கணும்னு நிக்கிறே?"

"கை தவறிடுச்சு" என்றார் அந்த அம்மா. மகளைப் பார்த்து, "வேற கட்டிக்கம்மா. மாம்பழக் கலர் கொண்டு வந்திருக்கோம்ல, அதைக் கட்டிக்க. சீக்கிரம்."

மகள் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். நான் மூன்றடி தூரத்தில் இருந்தேன்.

"உனக்குப் பொறுக்கலையாம்மா?"

பெண் மாம்பழ நிறத்தில் திரும்பி வந்தாள். நிச்சயம் நடந்தது. சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அம்மா உள்ளே இருந்தார். பச்சைப் புடவையை ட்ரை வாஷுக்குக் கொடுப்பதாகச் சொல்லிப் பிள்ளையின் தாய் எடுத்துக்கொண்டு போனார். விஷயம் முடிந்த பிறகு கேட்டரிங்காரர் ஒருவர் என்னிடம், "எல்லாத்தையும் எடுத்தீங்களா சார்?" என்றார்.

எடுத்திருந்தேன். அந்த அம்மா நடக்க ஆரம்பித்ததிலிருந்து விரலை எடுக்கவில்லை. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன். டம்ளர் சாயும் இடத்தில் மூன்று படங்கள். முதலாவதில் டம்ளர் நேராக இருக்கிறது. இரண்டாவதில் மணிக்கட்டு திரும்புகிறது. மூன்றாவதில் காப்பி பாதி வழியில் இருக்கிறது. அவர் கண் டம்ளரில் இல்லை, கொசுவத்தில் இருக்கிறது. தவறிய கையில் விரல்கள் விரியும். இந்தக் கையில் ஒரு விரல்கூட விரியவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பெண்ணிடமிருந்து போன் வந்தது.

"சார், படம் எல்லாம் வேணும். நீங்க செலக்ட் பண்ண வேண்டாம். எடுத்தது அத்தனையும் குடுங்க."

"மங்கலா விழுந்ததெல்லாம் இருக்கும்மா."

"பரவால்ல சார். எல்லாமே."

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், அவள் வேலை பார்க்கும் வங்கி வாசலில் பென்டிரைவைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "அம்மா வந்தது இதுல இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன். கேட்டவரிடம் படத்தை மறைத்து எனக்குப் பழக்கம் இல்லை. அப்படித்தான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கு மறுநாள் காலை, தில்லைநகரிலிருந்து அக்காவுக்கு ஒரு பொட்டலம் வந்தது. மேலே ஒரு துண்டுச் சீட்டு: கறை முழுசாப் போகல, விலை குறைச்சுப் போட்டு வித்துக் குடுங்க. அக்கா பிரித்ததும் சிரித்துவிட்டாள். நடந்ததை நான் அவளிடம் சொன்னேன். சிரிப்பு நின்றது. சிறிது நேரம் மூலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி அங்கே படவில்லை. மஞ்சள் அப்படியே இருந்தது.

"நான் என்னத்தைக் கண்டேன், அது அங்க போய் நிக்கும்னு?" என்றாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். "சரி, எடு. கறையை நல்லாக் காட்டி எடு. நாம குறையை மறைக்கிறதில்ல."

எடுத்தேன். கொசுவம் வரும் இடத்தில், ஒரு முழ நீளத்துக்கு, பச்சைக்குள் பழுப்பாக ஓடியிருந்தது. ஒன்பது மணிக்குப் பதிவு போனது. ஒன்பதரைக்குப் பின்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

அந்த அம்மா உட்காரவில்லை. "அந்தப் பச்சையை நான் எடுத்துக்கிறேங்க" என்றார்.

"உங்க புடவையை நீங்களேவா?" என்றாள் அக்கா. ஆனாலும் பதிவில் போட்டிருந்த விலையைச் சொல்லத் தவறவில்லை. அவர் கொடுத்தார். அக்கா காகிதம் எடுக்க உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க மஞ்சள் படம் போட்ட அன்னிக்கே பார்த்தேன் சார். குரூப்ல நானும் இருக்கேன்ல. கேட்டிருக்கணும். பீரோ காலியானாப் போதும்னு இருந்துது, வாயைத் திறக்கல."

நான் கேமராவின் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"நம்பிக்கை இல்லைன்னு சொன்னேனே, அது பொய் இல்ல சார். அவ அதைக் கட்டிட்டு வெளிய வர்ற வரைக்கும் நெசமாவே இல்ல."

"பொண்ணுகிட்ட சொல்லிடலாமேங்க" என்றேன்.

"என்னன்னு? உன் மாமியார் உனக்குக் கோடியை வாங்கிட்டு வந்தாங்கன்னா? வித்தது யாருன்னு கேப்பா. தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தேன்னு கேப்பா. அந்தப் பக்கம் காதுக்குப் போனா கல்யாணம் நிக்கும்." புடவையை எடுத்துக் கறை உள்ளே போகும்படி மடித்தார். "கல்யாணத்துக்கு நான் மண்டபத்துக்கே வரவேண்டாம்னுட்டாங்க. அது பரவால்ல. இவ என்கிட்ட பேசினாப் போதும். பதினஞ்சு நாளா பேசல. கை தவறிடுச்சு, தவறிடுச்சுன்னு நானும் சொல்லிட்டே இருக்கேன். முந்தாநாள் ராத்திரி சாப்பாடு போட்டப்ப, நெசமாவான்னு ஒரு வார்த்தை கேட்டா. பாதி நம்பிட்டா சார்."

சுருட்டிய பட்டையை நான் பையில் வைத்தேன்.

"நீங்க வளைச்சு வளைச்சு எடுத்தீங்க, பார்த்தேன். நான் ஊத்தினது அதுல தெரியும்ல? அந்த ரெண்டு மூணு படத்தை மட்டும் அவகிட்ட குடுத்துடாதீங்க."

"நேத்தே குடுத்துட்டேங்க" என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எல்லாத்தையுமா?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாத்தையும்."

பத்து மணி ஆகிவிட்டிருந்தது. எதிர்வீட்டுச் சுவரின் மஞ்சள் வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து அவர் கையில் இருந்த பச்சையை வேறு ஏதோ நிறமாக்கியிருந்தது. அக்கா காகிதத்தோடு வந்து, "பை வேணுங்களா? மூடி எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

"வேண்டாங்க" என்றார்.

புடவையை முழங்கையில் துண்டு போல் போட்டுக்கொண்டு, பின்படிக்குப் போகாமல், முன்வாசல் கதவைத் திறந்து இறங்கினார். கோயிலுக்குப் போகிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மஞ்சள் வைத்த மூலை வெளியே தொங்கியது. தெருமுனை வரை அவர் அதை உள்ளே மடித்துக்கொள்ளவில்லை.